டீமுக்குள் பிள்ளைகள் ஏன் பிரிந்து நிற்கிறார்கள்?

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 15 வயது, ஸ்கூல் நெட்போல் டீமில் விங் அட்டாக், அதாவது ஷூட்டருக்குப் பந்து எடுத்துக் கொடுப்பவள். புதுக் கோச் வந்த பிறகு பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள், சிலரை விட்டுவிட்டுத் தனி வாட்ஸ்அப் குரூப் கூட ஓடுகிறது. கோல் ஷூட்டர் பிள்ளைக்கு மட்டும் கோச் சேரின் பாராட்டு, மற்றவர்கள் பந்தைத் தவறவிட்டால் எல்லோர் முன்னாலும் ஏச்சு. ஒற்றுமை வர எல்லாரையும் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? - ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் தங்கச்சி, இறால் வடை சாப்பிட்டுச் சிரித்துவிட்டு வரட்டும். ஆனால் திங்கட்கிழமை பிராக்டிஸில் அதே ஏச்சு விழுந்தால் அந்தச் சிரிப்பு அன்றைக்கே போய்விடும். பிள்ளைகளின் சண்டையைப் பிள்ளைகளிடம் மட்டும் தேடாதீர்கள், கோச் எதைக் கவனிக்கிறார், எதற்கு ஏசுகிறார் என்று பாருங்கள்.

அடுத்த முறை கிரவுண்டில் நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பந்தை விட்ட பிள்ளை உடனே யாரைப் பார்க்கிறாள்? சேரின் முகத்தைப் பார்த்தால் அவள் பயத்தில் விளையாடுகிறாள் என்று அர்த்தம். நெட்போலில் பந்து கையில் 3 செக்கன்தான் இருக்கலாம், அந்த நேரத்துக்குள், ஷூட்டர் நிற்கும் கோல் வட்டத்துக்குள் துணிந்து ஒரு பாஸ் கொடுப்பதா, ஏச்சு வாங்காமல் பின்னுக்குத் தள்ளிவிடுவதா என்று யோசிக்கிற பிள்ளை பின்னுக்குத்தான் போடுவாள், அப்புறம் பந்து வரவில்லை என்று ஷூட்டர் கோபிப்பாள், குரூப் பிரிவது இப்படித்தான் தொடங்குகிறது. 2018இல் சிங்கப்பூரில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது நம் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைத்தான் எல்லோரும் பேசினோம், ஆனால் அந்த உயரத்துக்குப் பந்து போய்ச் சேர வேண்டுமே! விதிப்படி அந்த வட்டத்துக்குள் காலே வைக்க முடியாத சென்டர் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கிறது, அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டியது கோச்தான்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. கனடாவில் மார்க் ஐஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இளம் விளையாட்டு வீரர்களிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், முயற்சியையும் முன்னேற்றத்தையும் மதிக்கிற கோச்சிடம் இருக்கும் பிள்ளைகள் விளையாட்டிலும் நட்பிலும் நெருக்கமாக இருந்தார்கள், ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு, பிழைக்குத் தண்டிக்கிற இடத்தில் அந்த நெருக்கம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் பேஸ்போல் கோச்மாருக்கு, பிள்ளைகளை ஊக்கப்படுத்திப் பழக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் அடுத்த சீசனில் விலகிப்போன பிள்ளைகள் 5 வீதம், பெறாதவர்களிடம் 26 வீதம். இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, அதாவது தோற்றதால் பிள்ளைகள் விலகி ஓடவில்லை.

இனி என்ன செய்வது? கிரவுண்டில் வைத்துச் சேரோடு வாக்குவாதப்பட வேண்டாம், அது உங்கள் மகளின் தலையில்தான் விடியும். பொறுப்பாசிரியர் மூலமாக நேரம் கேட்டு, இரண்டு மூன்று பெற்றோராகப் போய், நல்ல பாஸையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பல கோச்மார் தாங்கள் பழகிய விதத்திலேயே பழக்குகிறார்கள், சொன்னால் மாறக்கூடியவர்களும் இருக்கிறார்கள். உடம்பைப் பற்றி இழிவாகப் பேசினாலோ கை வைத்தாலோ பேச்சுவார்த்தை எல்லாம் வேண்டாம், நேரே அதிபரிடம் போங்கள், தேவையென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். அப்புறம், வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் "யார் விட்ட பந்து?" என்று நீங்களும் கேட்காதீர்கள்.

கேள்வி: 17 வயதுக்குட்பட்ட புட்போல் டீமைப் பழக்குகிறேன். தோற்றால் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுவேன். கண்டிப்பு வேண்டாமா அக்கா? - கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: கண்டிப்பு கட்டாயம் வேண்டும் தம்பி. நேரத்துக்கு வராதவனுக்கு ஒரு சட்டம் வையுங்கள், கோல் அடிக்கிற பையனுக்கும் அதே சட்டம் இருக்கட்டும், அவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் அவனைத்தான் வெறுப்பார்கள். தோல்வி ஒழுங்கீனம் இல்லையே, அதற்கு ஏன் ஓட்டம்? அடுத்த முறை தோற்றால் எல்லாரையும் உட்காரவைத்து, எங்கே பந்து போனது என்று முதலில் பெஞ்சில் இருந்த பையன்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் முழு மேட்ச்சையும் பார்த்தவர்கள்.