கூகுள் ஏர்த்தில் துறைமுக நகரம் கடலாக மாறுவது எப்படி?

பூமியைச் செய்மதிப் படங்களாகக் காட்டும் கூகுள் ஏர்த்தில் ஆண்டைப் பின்னால் நகர்த்தினால், கொழும்பு காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் உள்ள துறைமுக நகரம் மறைந்து கடல் மட்டும் தெரிகிறதே, ஏன் என்பதுதான் கேள்வி.

அந்த வசதியைப் பழைய படங்களின் அடுக்கு என்று சொல்லலாம். ஒரே இடத்தைச் செய்மதிகள் வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்கள் திகதிப்படி சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் ஒட்டிய அல்பத்தைப் புரட்டுவது போலத்தான். அங்கே கடலை நிரப்பும் வேலை 2014இல் தொடங்கி, 2015இல் இடைநின்று, 2016இல் மீண்டும் தொடங்கி, 2019இல் முடிந்தது. மொத்தம் 269 ஹெக்டேயர். 2013க்குப் போனால் வெறும் நீர். அங்கிருந்து ஒவ்வொரு படமாக முன்னே வாருங்கள். மணல் திட்டு விரிந்து விரிந்து கரையாவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஏன் தொடர்ச்சியாக ஓடாமல் படம் படமாகத் தாவுகிறது? வீடுகளைத் தெளிவாகப் படம்பிடிக்கும் செய்மதிகள் தாழ்வாகச் சுற்றுபவை, ஓரிடத்தில் நிற்கமாட்டா. சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளவை நம் தலைக்கு மேலேயே நிற்கும், ஆனால் அங்கிருந்து வீடு தெரியாது. போதாததற்குக் கொழும்பில் மழை முகில். தெளிவான நாளின் படங்களைத்தான் தெரிந்தெடுத்து ஒட்டுகிறார்கள். கடலின் நிறம் சில இடங்களில் கோடு கிழித்தாற்போல் மாறுவது அதனால்தான்.

வெள்ளவத்தையில் உங்கள் வாசலில் ஒரு வான் நிற்பது தெரிந்தால், அது இப்போது நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நேரலை அல்ல, மாதங்களோ ஆண்டுகளோ முன்பு எடுத்த படம்.