போர்வைக்கு கிரானி ஸ்கொயர் எந்த அளவில் பின்னலாம்?

கிரானி ஸ்கொயர் என்பது நடுவில் தொடங்கிச் சுற்றுச் சுற்றாக வெளியே வளரும் குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) சதுரம். இப்படிப் பல சதுரங்களை இணைத்தால் போர்வை.

அளவு ஏன் முக்கியம்? வேலையில் பாதி பின்னலில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. 120 × 150 செ.மீ. போர்வைக்கு 10 செ.மீ. சதுரம் 180 வேண்டும், 15 செ.மீ. என்றால் 80, 30 செ.மீ. என்றால் வெறும் 20. ஒவ்வொரு சதுரத்திலும் தொடக்க நூல், முடிவு நூல் என இரண்டு வால்களை ஊசியால் உள்ளே செருக வேண்டும். நிறம் மாற்றினால் இன்னும் கூடும். 180 சதுரத்துக்கு 360 வால்! பலர் போர்வையைப் பாதியில் விடுவது இங்கேதான்.

தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதைப் போலத்தான் இதுவும். சின்ன டைல்ஸில் வடிவம் அழகாக வரும், ஆனால் இடுக்குகள் அதிகம்.

முதல் போர்வை என்றால் 15 செ.மீ. என்பேன். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்கூடப் பின்னலாம். அப்புறம், துண்டு நூல்களைத் தீர்க்கத்தான் பின்னுகிறீர்கள் என்றால் 10 செ.மீ. சரி.

"ஆறு சுற்று போட்டால் இத்தனை செ.மீ." என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நூலின் தடிமன், கொக்கி ஊசியின் அளவு, கையின் இறுக்கம் மூன்றும் அளவை மாற்றும். ஒரு சதுரம் பின்னி அளந்த பிறகே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.