மகளின் பிறந்தநாளுக்கு ஸ்பகெட்டி ஐஸ்

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை ஒரு படம் அனுப்பினாள். தட்டு நிறைய நூடுல்ஸ், மேலே தக்காளி சாஸ், துருவிய சீஸ். அத்தனையும் ஐஸ்கிரீமாம்! அடுத்த மாதம் என் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். எதுவும் சொல்லாமல் குழந்தைகள் முன்னால் வைத்து அசத்த ஆசை. முறுக்கு அச்சில் பிழிந்து பார்த்தேன், கூழாக வழிந்துவிட்டது. வீட்டில் செய்ய முடியுமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக முடியும். நீங்கள் முறுக்கு அச்சைக் கையில் எடுத்ததும் சரியான யோசனைதான்.

அந்த இனிப்பின் பெயர் ஸ்பகெட்டி ஐஸ். 1969-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் தாரியோ ஃபொன்டனெல்லா என்ற இளைஞர் செய்தது. இத்தாலியிலிருந்து வந்து ஐஸ்கிரீம் கடை வைத்த குடும்பம் அவருடையது. மோன் ப்ளாங் என்ற இனிப்புக்கு செஸ்ட்நட் என்ற கொட்டையின் விழுதை நூல் நூலாகப் பிழிவார்கள். அதைப் பார்த்தவருக்கு, ஐஸ்கிரீமையும் அப்படிப் பிழிந்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு அவர் எடுத்தது ஸ்பேட்ஸ்லே அச்சு. தென் ஜெர்மனியில் முட்டை சேர்த்த மாவை அதில் அழுத்திக் கொதிக்கும் தண்ணீரில் விழவிடுவார்கள். நம் சேவை நாழிக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம்.

உங்களுக்குக் கூழானதற்குக் காரணம், பெரும்பாலும் அச்சு குளிராமல் இருந்ததுதான். வெளியே இருந்த உலோகத்தில் பட்டதுமே ஐஸ்கிரீம் உருக ஆரம்பித்துவிடும். எவர்சில்வர் அச்சாக, திருகிப் பிழிவதாக எடுத்துக்கொள்ளுங்கள். மர அச்சு வேண்டாம். அது சீக்கிரம் குளிராது, ஓமம், பெருங்காய வாசனையும் போகாது. கழுவித் துடைத்து, ஒரு பொட்டு ஈரமில்லாமல் காயவிட்டு, பரிமாறும் தட்டுகளோடு இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஈரம் இருந்தால் துளைகளில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். இடியாப்பத் தட்டு போடாதீர்கள். அத்தனை மெல்லிய இழை தட்டில் விழுவதற்குள் கரைந்துவிடும். காராச்சேவுத் தட்டு போட்டால் ஸ்பகெட்டி மாதிரியே வரும்.

வெனிலா ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பத்து நிமிடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஸ்பூன் இறங்கும் பதம் வரும். அதற்கு மேல் இளகவிடாதீர்கள். வாங்கும்போது உறையைப் பாருங்கள். ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால் அது தாவர எண்ணெயில் செய்தது. பால் கொழுப்பில் செய்த ஐஸ்கிரீமின் ருசி அதில் கிடைக்காது.

சாஸுக்குக் கால் கிலோ ஸ்ட்ராபெர்ரி, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சில துளி எலுமிச்சைச் சாறு. மிக்ஸியில் அரைத்தால் ஆயிற்று, அடுப்பே வேண்டாம். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

தட்டின் அடியில் முதலில் அடித்த க்ரீம் ஒரு குவியல். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே விழும் ஐஸ்கிரீமின் குளிரில் க்ரீமின் மேல்பகுதி லேசாக உறைந்து, ஸ்பூனில் எடுக்கும்போது ஒரு பக்கம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். எனக்கு இந்த இனிப்பில் மிகவும் பிடித்த வாய் அதுதான். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் சரியாக நுரைத்து நிற்காது. விப்பிங் க்ரீம் என்றே கேட்டு வாங்குங்கள். க்ரீமின் மேல் ஐஸ்கிரீமைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்து, நடுவில் சாஸ் ஊற்றி, வெள்ளைச் சாக்லேட்டைத் துருவித் தூவினால் சீஸும் வந்துவிட்டது. ஒரு தட்டு முடித்து உடனே கொடுத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். அச்சு குளிர் விட்டால் மறுபடி ஃப்ரீசர்தான். கூட்டம் அதிகமென்றால் பக்கத்து வீட்டில் இன்னொரு அச்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் வைத்து அசத்தும் ஆசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஃபொன்டனெல்லா முதன்முதலில் இதைப் பரிமாறியபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்களாம், ஐஸ்கிரீம் கேட்டால் நூடுல்ஸ் கொடுக்கிறார்களே என்று! பிறந்தநாள் அன்று ஒரு பிள்ளையின் முகம் அப்படிச் சுருங்க வேண்டாம். மேசையைச் சுற்றிக் குழந்தைகளை நிற்கவைத்து, அவர்கள் கண்ணெதிரே பிழியுங்கள். ஆறு வயதுக் கைக்குத் திருகுவது கொஞ்சம் கடினம். உங்கள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளட்டும். வெள்ளை இழை இறங்கும்போது அவர்கள் போடும் கூச்சலில் நீங்கள் ஆசைப்பட்ட ஆச்சரியம் முழுசாகக் கிடைத்துவிடும். பாதாம் துருவலும் தூவுவதாக இருந்தால், எந்தக் குழந்தைக்காவது கொட்டை வகை ஒத்துக்கொள்ளாதா என்று அவர்கள் வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.