தெருமுனையில் ஏன் நிற்கிறார்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 2.1. பத்து நாள் முன்பு நெஞ்சு கனப்பதாகச் சொன்னார். மருத்துவமனையில் மாரடைப்பைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனின் 31, மூன்று மணி நேரம் கழித்து 33. ஈசிஜியில் மாற்றமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று பக்கத்து லேபில் எடுத்தோம்: 41. இதயத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிகே-எம்பியும் சற்று அதிகம். ‘சைலன்ட் அட்டாக்’ என்று இணையத்தில் போட்டிருக்கிறது. இதயம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறதா? பிள்ளையார் கோயில் வரை நடந்தவர், ஒரு வாரமாகத் தெருமுனையிலேயே நெஞ்சைப் பிடித்து நிற்கிறார், நின்றால் சரியாகிவிடுகிறது. வாய்வு மாத்திரை கொடுக்கிறோம்.

பதில்: மூன்று எண்களையும் ஒரே வரிசையில் எழுதியதால் வந்த பயம் இது. நீங்கள் இணைத்த அறிக்கைகளில் முதல் இரண்டும் ட்ரோபோனின் டி. நேற்றையது ட்ரோபோனின் ஐ. இரண்டும் வெவ்வேறு புரதங்கள், வரம்புகளும் வேறு. படியால் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் வைத்துக்கொண்டு எது கூடியது என்று கேட்கிறீர்கள்.

டி வகைக்கு லிட்டருக்கு 14 நானோகிராம் மேல்வரம்பு. உங்கள் அப்பாவைப் போலச் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதைத் தாண்டியே நிற்பது சகஜம். மாரடைப்பில் எண் நிற்காது, ஓடும்: சில மணி நேரத்தில் பல மடங்கு ஏறி, பிறகு நாள்கணக்கில் இறங்கும். 31க்கும் 33க்கும் நடுவே இருப்பதை ஏற்றம் என்றே சொல்ல முடியாது. ஒரே ரத்தத்தை இரண்டு முறை பரிசோதித்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். சிகே-எம்பி கை கால் தசையிலிருந்தும் வரும். அதை விடுங்கள்.

கடிதத்தின் முதல் வரியாக எழுத வேண்டியதைக் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோயில் வரை நடந்தவர் தெருமுனையில் நிற்கிறார், அதுவும் ஒரே வாரத்தில். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வேகமாகக் கூடுகிறது என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். தசை இன்னும் சாகாத கட்டம் என்பதால் ட்ரோபோனின் அசையாமல் இருக்கலாம். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜியும் சுத்தமாக இருக்கலாம். அன்று அனுப்பிவைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று இந்தத் தெருமுனைக் கதை இல்லை.

வாய்வு, நடந்த தூரத்தைக் கணக்குப் பார்த்து வருவதில்லை. வலியைத் தீர்த்தது அவர் நின்றதுதான். மாத்திரைக்கு அந்தப் பெருமை வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு வலியே தெரியாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரும். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு வாய்விட்டுச் சொல்கிறது, நீங்களோ லேபுக்கு ஓடுகிறீர்கள்.

இன்றைக்கே இதய மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப் போங்கள். பஸ் நிறுத்தம் வரைகூட நடக்க விடாதீர்கள். கிளம்புவதற்குள் உட்கார்ந்த நிலையிலேயே நெஞ்சு அழுத்தினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108ஐ அழையுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடலாம்.

பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஆஞ்சியோ, அதாவது சாய மருந்து செலுத்தி இதய ரத்தக்குழாயைப் படமெடுப்பது, என்று பேச்சு வந்தால் கிரியேட்டினின் 2.1 என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாய மருந்தின் அளவை அதற்கேற்பக் குறைப்பார்கள்.