கணினி கேள்வி பதில்: பழைய பைத்தானை விடாத கட்டளை

கேள்வி: உபுண்டு 22.04-இல் பைத்தான் 3.12-ஐத் தனியாக நிறுவி, பாத் வரிசையில் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் வைத்துவிட்டேன். 'பைத்தான்3' என்று தட்டினால் 3.12 வருகிறது. ஆனால் முன்பு பிப் (பைத்தான் கருவிகளை நிறுவும் கட்டளை) வழியாக நிறுவிய 'பிளாக்' (பைத்தான் நிரலைச் சீராக வடிவமைக்கும் கருவி) மட்டும் 3.10-இலேயே ஓடுகிறது. எப்படி மாற்றுவது?

பதில்: ஹோம் ஃபோல்டரில் '.லோக்கல்/பின்' உள்ளே 'பிளாக்' என்ற கோப்பு இருக்கும். 'ஹெட் -1' கொடுத்து அதன் முதல் வரியைப் பாருங்கள். #! குறிக்குப் பின்னால் '/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று முழு முகவரி தெரியும்; அது உபுண்டுவோடு வந்த 3.10. பிப் எந்தப் பைத்தானில் ஓடியதோ, அதன் முகவரியை நிறுவும்போதே எழுதிவிடுகிறது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த வரியை மட்டுமே பார்க்கும், பாத்தைச் சீண்டாது.

அந்த வரியைத் திருத்தினால் போதுமே என்று கை பரபரக்கும். வேண்டாம். பிளாக்கின் மாட்யூல்கள் (நிரல் கோப்புகள்) '.லோக்கல்/லிப்/பைத்தான்3.10' ஃபோல்டரில் கிடக்கின்றன. 3.12 அங்கே தேடாது; 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்று நின்றுவிடும். ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் தேறாது: 3.10-க்கென்று கம்பைல் செய்த பகுதிகளை 3.12 ஏற்காது.

மறுபடி நிறுவுவதுதான் வழி. 'பிப்' என்று மொட்டையாகத் தட்டாதீர்கள். அதன் முதல் வரியிலும் இதே பழைய முகவரிதான். 'பைத்தான்3.12 -எம் பிப் இன்ஸ்டால் --யூசர் பிளாக்' என்று கொடுங்கள். பழைய கோப்பின் மேலேயே புது முகவரியோடு எழுதப்படும். 3.12-இல் பிளாக் இருக்கிறதா என்று சோதிக்க, 'பைத்தான்3.12 -எம் பிளாக்' போதும். இப்படிப்பட்ட கருவிகள் நிறைய இருந்தால் பிப்எக்ஸுக்கு (ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே நிறுவும் கட்டளை) மாறிவிடுங்கள். 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல் --பைத்தான் பைத்தான்3.12' என்ற ஒரே கட்டளையில் எல்லாம் மாறும்.

'/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3'-ஐயே 3.12-க்குத் திருப்பிவிடச் சொல்லும் யோசனை பலர் வாயில் அடிபடும். செய்யவே செய்யாதீர்கள். 'ஆப்ட்' (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளை) தொடர்பான சில கருவிகளும் க்னோம் டெர்மினலும் 3.10-ஐ நம்பியிருக்கின்றன, டெர்மினல் திறக்காமலே போகும்.

கேள்வி: நானே எழுதிய ஸ்கிரிப்டில் முதல் வரி '#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3'. டெர்மினலில் 3.12, கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் சேவை) 3.10. ஏன்?

பதில்: 'என்வ்' பாத்தில் தேடித்தான் பைத்தானைப் பிடிக்கிறது. கிரானுக்கு உங்கள் பாத் தெரியாது; அதற்குத் தெரிந்தவை '/யூஎஸ்ஆர்/பின்', '/பின்' இரண்டே. 'கிரான்டேப் -ஈ' திறந்து, மேலே 'பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்' என்று முழுதாக எழுதுங்கள் ('பாத்' பெரிய எழுத்தில்). 3.12 வேறு இடத்தில் இருந்தால் அந்த ஃபோல்டர் முதலில் வரட்டும். டாலர் குறி போட்டுப் பழைய பாத்தை ஒட்டவைக்க முடியாது. கிரான் அதை விரித்துப் படிக்காது.