வைக்கோல் தொப்பியும் மூடாத தழும்பும்: அமெரிக்க வரலாற்றில் அதிகம் பேசப்படாதவர்கள் – கேள்வி பதில்

பள்ளி ஆசிரியை ஒருவர்: ஐயா, அடிமை முறை ஒழிந்ததைப் பற்றி வகுப்பில் பேசினால் லிங்கனோடு பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு ஒருவரைக் காட்டுங்களேன்.

ராபர்ட் ஸ்மால்ஸைச் சொல்லுங்கள், அம்மா. 1839-இல் தென் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். கூலியில் பெரும்பகுதி எஜமானர் கைக்குப் போனது. மனைவியையும் மகளையும் மீட்க 800 டாலர் விலை சொன்னார்கள். அவரால் சேர்க்க முடிந்தது 100 டாலர்.

உள்நாட்டுப் போரின்போது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையினரின் ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13, விடிவதற்கு முன், வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தங்கியிருந்த நேரத்தில் கப்பலைக் கிளப்பினார். வழியில் காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, அவரைப் போலவே கைகட்டி நின்றார். சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே வந்ததும் முறைப்படி சங்கு ஊதினார். காவலர்கள் வழிவிட்டார்கள். குண்டு எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார். எதிரே நின்ற வடமாநிலப் படைக் கப்பல் சுடத் தயாரானபோது அந்த விரிப்பு கண்ணில் பட்டது. அதனால்தான் அத்தனை உயிரும் பிழைத்தன.

கல்லூரி மாணவர்: பிடிபட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது?

பிடிபட்டால் கப்பலை அழித்துவிட்டுக் கைகோத்துக் கடலில் குதிப்பது என்று பேசி முடிவு செய்திருந்தார்கள், தம்பி. துணிச்சலுக்கு இணையாக நான் மதிப்பது அவருடைய தொழிலறிவை. எங்கே மணல்திட்டு, எங்கே கண்ணிவெடி, எந்தக் கோட்டைக்கு என்ன சைகை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர்களே அவரை மனிதராகக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு அடிமை கப்பலைக் கொண்டுபோவான் என்று நினைக்கவும் இல்லை.

பிற்காலத்தில் ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ, அதே வீட்டை வரி ஏலத்தில் வாங்கிக் குடியேறினார்.

வாசகர் ஒருவர்: பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ். அவருக்கு முன்பே அப்படி எழ மறுத்த சிறுமி உண்டா?

உண்டு. கிளாடெட் கால்வின். 1955 மார்ச் 2, மாண்ட்கமரி நகரம். பதினைந்து வயது. போலீசார் இழுத்துப் போனார்கள். ரோசா பார்க்ஸ் கைதானது ஒன்பது மாதங்களுக்குப் பிறகு. சிறு பெண், ஏழை வீட்டுப் பிள்ளை, சிறிது காலத்தில் கருவுற்றும் இருந்தாள். அதனால் தலைவர்கள் அவளை முன்னிறுத்தத் தயங்கினார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை. ஏனென்றால், பஸ்களில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி.

செவிலியர் ஒருவர்: மருத்துவத் துறையில் யாராவது?

ஒனேசிமஸ், பாஸ்டனில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். அது எஜமானரான பாதிரியார் காட்டன் மேதர் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் கிடைக்கவில்லை. நோய் கடுமையாகத் தாக்காமல் காக்க, பெரியம்மைப் புண்ணின் சீழைத் தோலைக் கீறி வைக்கும் ஆப்பிரிக்க வழக்கத்தைச் சொன்னவர் அவர்தான். 1721-இல் பாஸ்டனில் அம்மை பரவியபோது பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் சுமார் 240 பேருக்கு அதைச் செய்தார். இறந்தவர்கள் ஆறு பேர். மற்றபடி அம்மை கண்டவர்களில் ஏறத்தாழ ஏழுக்கு ஒருவர் இறந்தார்.

சட்ட மாணவி: அடிமையாக இருந்துகொண்டே வழக்குத் தொடுத்து வென்றவர்கள் இருக்கிறார்களா, ஐயா?

எலிசபெத் ஃப்ரீமன், மாசசூசெட்ஸ், 1781. எழுதப் படிக்கத் தெரியாதவர். எல்லாரும் பிறப்பால் சமம் என்று மாநிலத்தின் புதிய அரசியல் சாசனம் சொல்வதைக் காதால் கேட்டு, ‘அது எனக்கும் பொருந்தாதா?’ என்று வழக்கறிஞர் செட்ஜ்விக்கிடம் போனார். வென்றார், 30 ஷில்லிங் இழப்பீடும் கிடைத்தது. கூலி தருகிறேன், திரும்பி வா என்று பழைய எஜமானர் கூப்பிட்டும் போகவில்லை.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கையை அடிக்க எஜமானி ஓங்கிய சூடான அடுப்புக் கரண்டியைத் தன் கையில் தாங்கிக்கொண்டவர் அவர். புண்ணை அவர் துணியால் மூடவே இல்லை. வீட்டுக்கு வருபவர்கள் எஜமானியின் எதிரிலேயே, கைக்கு என்ன என்று கேட்பார்கள். “அம்மாவைக் கேளுங்கள்” என்பார்.