மூன்று தொல்லைக்கும் சேர்த்து இன்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2007-ல் வாங்கிய டாடா இண்டிகா டீசல் இருக்கிறது. காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஆனதும் வெள்ளைப் புகை. கொல்லிமலை ஏறினால் பாதி வழியில் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. முதல் கியரும் ரிவர்ஸும் விழ அடம் பிடிக்கின்றன. இன்ஜினை இறக்கி போர் வேலை (தேய்ந்த சிலிண்டர் உட்சுவரைச் சரிசெய்வது) பார்க்கவேண்டும், 60,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனித் தொல்லைகள். கியர் விழாததற்கும் போர் தேய்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்றையும் ஒரே பில்லில் போடுகிறவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: “கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா அண்ணே? நாலு சிலிண்டருக்கும் எவ்வளவு வந்தது?” சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கருவி அது; போர் தேய்ந்திருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். எண்ணைச் சொல்லாமல் “சத்தத்திலேயே தெரியுது” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நாமக்கல்லில் டீசல் வேலை தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

ஸ்டார்ட்டிங் விஷயத்துக்கு வருவோம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றும். குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சூடு போதாது என்பதால் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு செத்தாலே காலையில் இந்தப் பாடுதான். பற்றாமல் வெளியே வரும் டீசல்தான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை.

சோதிப்பது சுலபம். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டால், எரிந்தால் நல்லது, எரியாவிட்டால் செத்தது. நான்கும் எரிந்தால் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று ரிலேயைப் பார்க்கவேண்டும். அதுவும் சரியென்றால், மறுநாள் காலை சாவி போடுமுன் டீசல் ஃபில்டர் மேலுள்ள கை பம்பை இறுகும் வரை அழுத்துங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் ராத்திரியில் டீசல் லைனுக்குள் காற்று புகுந்துவிடுகிறது (ஏர் பிடிக்கிறது) என்று அர்த்தம். டீசல் ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் மாற்றினால் முடிந்தது. வண்டி சூடாக இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகாமல், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால்தான் போர் பற்றிய பேச்சே வரவேண்டும்.

அடுத்து ஹீட்டிங். இதில்தான் எனக்குக் கோபம் வரும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் சார்” என்பது பட்டறைகளில் பரம்பரையாக வரும் பொய். அது இல்லாவிட்டால் சமவெளியில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். கழற்றி எறிந்ததால் மலையில் ஏறுகிற சூடும் நிற்காது. கூடவே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய கையோடு கூலன்டை விட்டுவிட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கிறது. சமவெளியில் தெரியாது. மலையடிவாரக் காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும்போது, சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு; பாதி அடைபட்ட ரேடியேட்டர் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மூடியையும் புதிதாகப் போட்டு, கூலன்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற பயம் இருந்தால், ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடேறுமுன்பே கல்லாக இறுகினால் சந்தேகம் சரி. சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள்.

கியருக்கு, இன்ஜினை அணைத்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி விழுந்து, ஸ்டார்ட் செய்தபின் அடம் பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிள் என்றால் அட்ஜஸ்ட்மென்ட், ஆயில் கிளட்ச் என்றால் ஆயில் குறைவு அல்லது ஏர். அணைத்தபோதும் விழாவிட்டால், கியர் லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ் தேய்ந்திருக்கும்.

ரிவர்ஸை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். உங்கள் வண்டி காலத்து கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பல்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அமைப்பு) இல்லை. வண்டி துளி நகர்ந்தாலும், கிளட்ச்சை மிதித்த அடுத்த நொடியே போட்டாலும் கர்ரென்று கத்தத்தான் செய்யும். முழுதாக நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, மூன்று எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்போது அமைதியாக விழுந்தால் கோளாறே இல்லை. அப்படியும் விழாவிட்டால் ஒருமுறை மேல் கியர் போட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். முதல் கியரும் சேர்ந்து தகராறு செய்வதால் உங்களுடையது கிளட்ச்சாகத்தான் இருக்கும். ரிவர்ஸ் மட்டும் கத்துகிறது என்று கியர்பாக்ஸைப் பிரித்துப் பணம் கட்டியவர்கள் ஏராளம் என்பதால் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன்.

எதை மாற்றினாலும் பழைய பாகத்தைப் பையில் போட்டு வாங்குங்கள். உதிரி பாகங்களை பில்லோடு நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. கமிஷனுக்காகப் போலி ஹீட்டர் பிளக்கைத் தலையில் கட்டினால் இரண்டு மாதத்தில் திரும்பவும் இதே கதை.

இதற்கிடையில் ஒரு புரோக்கர் வந்து, “பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடை வந்தாச்சு, இரும்பு விலைக்குத் தாங்க” என்பார். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டுக்கு இல்லை. ஆனால் 20 வயதைத் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாகிவிட்டது; 15 வயதுக்கு மேல் 5,000. புகைச் சான்று மையத்தில் குழாயை சைலன்சருக்குள் விடாமலே ரசீது அடிக்கிறார்களே, அதைக் கேட்க ஆளில்லை. பழைய வண்டிக்காரனிடம் வசூலிக்க மட்டும் விதி மேல் விதி. எப்படியும் 2027-ல் உங்களுக்கு அந்தச் செலவு வரும். ஆர்.சி. முடியும் தேதியை இப்போதே பார்த்துவையுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் ஏஜென்ட் சொன்னதுதான் விலை.